மூன்றாம் கைக்கு வந்த போன்

2023-இல் உலகிலேயே அதிகமாகத் திறன்பேசி விற்ற நிறுவனம் எது என்று சந்தை ஆய்வு நிறுவனமான ஐடிசி வெளியிட்ட பட்டியலில் ஆப்பிள் முதலிடத்தில் இருந்தது. ஆப்பிள் 234.6 மில்லியன், சாம்சங் 226.6 மில்லியன். 2010-இல் நோக்கியா கொடி கட்டிப் பறந்ததற்குப் பிறகு, சாம்சங் அல்லாத ஒரு பெயர் முழு ஆண்டின் கணக்கில் உச்சிக்கு ஏறியது அதுதான் முதல் தடவை. செய்தியைப் படித்துவிட்டு என் மகள், "பார்த்தியாம்மா, நாங்க ஜெயிச்சிட்டோம்" என்றாள். ஆப்பிள் பங்கு ஒன்றுகூட அவளிடம் கிடையாது. தவணையில் வாங்கிய ஓர் ஐபோன் இருக்கிறது. அதற்கும் பாதி நான்தான் கட்டுகிறேன்.

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் எங்கள் வீட்டையும் ஈப்போவில் இருக்கும் பெரியம்மாவையும் சேர்த்தால் நான்கு போன் ஓடுகிறது. இதில் ஐடிசி கணக்கில் ஏறியது மகள் வாங்கிய ஒன்று மட்டும். அவளுடைய பழையது எனக்கு, என்னுடையது அம்மாவுக்கு, அம்மாவிடம் இருந்தது பெரியம்மாவுக்கு. இது எங்கள் வீட்டு வழக்கம் மட்டும் என்று நினைக்காதீர்கள். நம் ஆட்கள் எந்த வீட்டுக்குப் போனாலும் மூத்தவர்கள் கையில் இருப்பது பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ வைத்திருந்த போன்தான். ஓரத்தில் கீறல் விழுந்த உறை, பேரன் ஒட்டிய கார்ட்டூன் ஸ்டிக்கர், எல்லாம் சேர்ந்தேதான் கைமாறும்.

கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் என்பதால் எண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஓர் எண் எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்ப்பதும் எங்கள் வேலைதான். சந்தைப் பங்கு என்பது அந்தக் காலாண்டில் ஆலையிலிருந்து கடைகளுக்குப் போன பெட்டிகளின் எண்ணிக்கை. பெட்டி பிரிந்த பிறகு அந்தப் போன் யார் யார் கைக்குப் போகிறது, அங்கே எத்தனை வருடம் உருப்படியாக வேலை செய்கிறது என்பது அதில் வராது. இருபது வருடமாகப் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது இதுதான்: போனை ஓட்டும் மென்பொருளான இயங்குதளம் கடையில் சாவதில்லை. இரண்டாம் கை, மூன்றாம் கையில்தான் சாகிறது. கடையில் தெரிவது அதன் எட்டாம் நாள் காரியம்.

நோக்கியாவிலிருந்து ஆரம்பிக்கலாம். 2000-இல் 3310 வந்த காலத்தில் கோலாலம்பூரில் போட்டி போன் நிறுவனங்களுக்கு நடுவே இல்லை, எண்ணுக்கு நடுவேதான். எண் 012 என்று தொடங்கினால் மேக்சிஸ் நிறுவனம், 019 என்றால் செல்கோம், 016 என்றால் டிஜி. எண்ணைப் பார்த்தாலே ஆள் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். எண்ணை மாற்றாமலே நிறுவனம் மாறலாம் என்ற வசதி 2008-இல்தான் வந்தது. போன் என்ன போன் என்று யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. நோக்கியா, அதில் எந்த மாடல் என்பதுதான் கேள்வி. 2003-இல் வந்த 1100 மட்டுமே 250 மில்லியன் விற்றிருக்கிறது. டார்ச் லைட் வைத்த போன். எங்கள் வீட்டில் கரண்டு போனால் அதைத்தான் தேடுவோம்.

எங்கள் தெருமுனையில் போன் பழுது பார்க்கும் தம்பியின் இழுப்பறையில் இன்றைக்கும் பிஎல்-5சி பேட்டரி கிடக்கிறது. தீப்பெட்டி அளவு, சாம்பல் நிறம், மூன்று தங்கநிறப் பற்கள். 2007-இல் மாட்சுஷிதா செய்து கொடுத்த இந்த ரகப் பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது சூடேறலாம் என்று 46 மில்லியனை இலவசமாக மாற்றித் தருவதாக நோக்கியா அறிவித்தது. ஒரே ரகம், ஒரே நிறுவனம் செய்தது, அதுவே 46 மில்லியன். அந்தக் காலத்து நோக்கியா எவ்வளவு பெரியது என்பதற்கு வேறு புள்ளிவிவரமே வேண்டாம். இப்போது யார் வாங்குகிறார்கள் என்று தம்பியிடம் கேட்டேன். சாமி அறையில் வைக்கிற பாட்டுப் பெட்டிக்கும், தாத்தாமார்கள் வைத்திருக்கும் குட்டி ரேடியோவுக்கும் இதே பேட்டரிதானாம். போனும் போய், அதை ஓட்டிய சிம்பியன் இயங்குதளமும் போய், பேட்டரி மட்டும் பக்தி மார்க்கத்தில் இறங்கிவிட்டது.

சிம்பியன் போன கதை ஊருக்கே தெரியும். 2011 பிப்ரவரியில் நோக்கியாவின் தலைவர் ஸ்டீபன் ஈலோப், கடலில் தீப்பிடித்த எண்ணெய் மேடைமேல் நிற்கிறோம் என்று ஊழியர்களுக்குக் கடிதம் எழுதினார். அடுத்த சில நாளில், இனி மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன்தான் என்று அறிவித்தார். கூடவே, இன்னும் 150 மில்லியன் சிம்பியன் போன் விற்போம் என்றும் சொன்னார்கள். இந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் எனக்கு இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. சாகப்போகிறது என்று நீயே சொல்லிவிட்ட பொருளை எவன் காசு கொடுத்து வாங்குவான்? செயலி எழுதுகிறவர்கள் அன்றைக்கே கணினியை மூடிவிட்டு வேறு பக்கம் போய்விட்டார்கள். 2012-இன் முதல் காலாண்டில் சாம்சங் நோக்கியாவைத் தாண்டியது. பதினான்கு வருட முதலிடம் போயிற்று. சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. அதே ஸ்ரீபெரும்புதூரில் இன்று ஃபாக்ஸ்கான் ஐபோன் பூட்டுகிறது. விரல் அதே தமிழ் விரல், பெட்டியில் ஒட்டும் பெயர்தான் வேறு.

பிளாக்பெர்ரியைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டிப் பேசவேண்டும், ஏனென்றால் நம் ஊரில் அதற்கு இருந்த மவுசு இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். 2009, 2010 வாக்கில் அலுவலகத்தில் பாதிப் பேர் கையில் பிளாக்பெர்ரி கர்வ். அந்தப் போன்களுக்குள் மட்டும் ஓடிய செய்திச் சேவைதான் பிபிஎம், அதில் ஒவ்வொருவருக்கும் 'பின்' என்று ஒரு குறியீடு. சிவப்பு விளக்கு மினுக்கினால் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பார்ப்பார்கள். போன் எண்ணைக் கேட்கமாட்டார்கள், "உன் பின் என்ன?" என்பார்கள். செய்தி போய்ச் சேர்ந்தால் 'டி' என்று வரும், எதிராளி படித்துவிட்டால் 'ஆர்' ஆக மாறும். அந்த 'ஆர்' வந்தும் பதில் வராத காரணத்தால் முறிந்த நிச்சயதார்த்தம் ஒன்று எனக்குத் தெரியும், அது வேறு கதை. பிபிஎம்முக்குள் இல்லாதவர்கள் சாப்பாட்டு நேரத் திட்டத்திலேயே இருக்கமாட்டார்கள். வாங்க முடியாதவர்களுக்காக சிஎஸ்எல் என்ற உள்ளூர் நிறுவனம் அதே மாதிரி விசைப்பலகையோடு ஒரு போன் விட்டது, பெயர் புளூபெர்ரி. இரண்டு சிம் போடலாம், விலையும் மலிவு. தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கிட்ட வந்தால் பிபிஎம் இல்லை என்பது தெரிந்துவிடும்.

அந்த உச்சத்தில்தான், 2011-இல், பிளாக்பெர்ரி தன் புதிய போல்ட் மாடலை நம் பினாங்கிலேயே செய்ய ஆரம்பித்தது. வாடிக்கையாளர் எங்களிடம் இவ்வளவு பேர் இருக்க, ஆலை மட்டும் மலேசியாவுக்கா என்று ஜகார்த்தாவில் அமைச்சர்கள் கோபப்பட்டு, கூடுதல் வரி போடுவோம் என்றுகூடப் பேசினார்கள். இரண்டு நாடுகள் ஒரு போனுக்காக முறைத்துக்கொண்ட அதே ஆண்டில் அந்தப் போனுக்குக் கீழே தரை நகர ஆரம்பித்திருந்தது. வாட்ஸ்அப் 2009-இல் வந்தது. அதற்கு எந்தப் போன் என்ற வித்தியாசம் கிடையாது. ஐபோனிலும் வேலை செய்யும், ஆண்ட்ராய்டிலும் செய்யும், சிம்பியனிலும் செய்யும், ஏன், பிளாக்பெர்ரியிலேயே செய்யும். பின்னாளில் நோக்கியாவின் சாதாரண எஸ்40 போன்வரை இறங்கிவந்தது. பின் வேண்டாம், தனிக் கட்டணத் திட்டம் வேண்டாம், போன் எண் போதும். என் மாமியாரின் மூன்றாம் கை நோக்கியாவில் வாட்ஸ்அப் ஏறிய அன்றைக்குக் குடும்பத்தில் பிபிஎம் முடிந்தது. குடும்பமே ஒரு குரூப்பில் இருக்கும்போது, ஒருவர் மட்டும் வசதியான போன் வைத்துக்கொண்டு தனியாக என்ன செய்வது?

பிளாக்பெர்ரிக்கும் இது புரியாமல் இல்லை. 2013 அக்டோபரில் பிபிஎம்மை ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் திறந்துவிட்டார்கள். அதற்குள் வீட்டு குரூப்புகள் எல்லாம் வேறு இடத்தில் குடித்தனம் போட்டாயிற்று. நான்கு மாதம் கழித்து ஃபேஸ்புக் 19 பில்லியன் அமெரிக்க டாலருக்கு வாட்ஸ்அப்பை வாங்குவதாக அறிவித்தது. பிபிஎம் 2019 மே 31-இல் மூடப்பட்டது. ஆனால் பிளாக்பெர்ரி போன் வைத்திருந்தவர்களைக் கேட்டால் வேறு தேதி சொல்வார்கள்: 2017 டிசம்பர் 31. அன்றோடுதான் வாட்ஸ்அப் பிளாக்பெர்ரியைக் கைவிட்டது. அந்த இயங்குதளத்தைப் புதைத்த கை அதை விற்ற நிறுவனத்தின் கையும் இல்லை, போட்டியாளரின் கையும் இல்லை. மேலே குடியிருந்த ஒருவர் காலி செய்துகொண்டு போனதுதான்.

விண்டோஸ் போனுக்கும் அதே கதைதான், சுருக்கமாகவே முடித்துவிடலாம். நல்ல போன். கேமரா அபாரம், மலிவு மாடல்கூடச் சிக்காமல் ஓடும். செயலி மட்டும் வராது. யூடியூப் செயலி விஷயத்தில் 2013-இல் கூகுளும் மைக்ரோசாஃப்டும் போட்ட சண்டையில் கடைசியில் தோற்றது போன் வாங்கியவர்கள்தான். நோக்கியாவின் போன் தொழிலை வாங்கிய மைக்ரோசாஃப்ட் 2015-இல் 7.6 பில்லியன் டாலரை நட்டக் கணக்கில் எழுதியது. கணக்கு எழுதுகிறவளாக அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. வாட்ஸ்அப் அங்கிருந்து கிளம்பிய நாள் 2019 டிசம்பர் 31.

இந்தச் சண்டையில் தமிழருக்கென்று ஒரு தனிப் பக்கம் உண்டு. ஆங்கிலமும் மலாயும் போதும் என்கிறவர்களுக்கு எந்த இயங்குதளம் என்பது ரசனை விஷயம். தமிழில் படிக்கவும் எழுதவும் வேண்டும் என்றவர்களுக்கு 2010 வாக்கில் அது அப்படி இருக்கவில்லை. அப்போதைய ஆண்ட்ராய்டில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் வரிசை வரிசையாகச் சதுரக் கட்டம் நிற்கும். எழுத்துரு இருக்கிற போனிலும் கொம்பு தடம் மாறி உட்கார்ந்திருக்கும். 'கொடி' என்று எழுதியிருப்பதில் ககரம் ஒரு பக்கம், ஒற்றைக் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிக் கிடக்கும். தமிழுக்கு எழுத்துருக் கோப்பு மட்டும் போதாது என்பதுதான் காரணம். யூனிகோடில் 'கெ' என்பது முதலில் ககரமாகவும் அடுத்து எகரக் குறியாகவும் சேமிக்கப்படுகிறது. அந்தக் குறியைத் திரையில் ககரத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது இயங்குதளத்தின் வேலை. ஆண்ட்ராய்டுக்கு அது சரியாக வர சில பதிப்புகள் பிடித்தன.

அதுவரை எங்களைக் காப்பாற்றியது ஓபரா மினி. முகவரிப் பட்டையில் 'ஓபரா' போட்டு, முக்காற்புள்ளி வைத்து, 'கான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் அடிக்கவேண்டும். ஒரு நீளமான பட்டியல் வரும். கடைசிவரை இழுத்துக்கொண்டு போனால், சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டலாமா என்று ஒரு வரி இருக்கும். அதில் 'நோ'வை 'யெஸ்' ஆக்கிச் சேமித்துவிட்டால், அவர்களுடைய சர்வரே தமிழ் எழுத்துகளைப் படமாக்கி அனுப்பிவிடும். இந்த வித்தையைப் பத்துமலைத் தைப்பூசக் கூட்டத்தில் நின்றுகொண்டு முன்பின் தெரியாத ஒரு பையனுக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவன் போனில் முதல் தமிழ் வரி தெரிந்தபோது பக்கத்தில் நின்றவர்களும் ஆளுக்கொரு போனை நீட்டினார்கள்.

எழுதுவது வேறு பாடு. அதில் இந்த ஊருக்குப் பெருமைப்பட நியாயம் இருக்கிறது. கோலாலம்பூர்வாசியான முத்து நெடுமாறன் எண்பதுகளிலிருந்தே முரசு அஞ்சல் மென்பொருளோடு தமிழைக் கணினிக்குள் கொண்டுவந்தவர். கைப்பேசியில் தமிழ் எழுத அவர் உருவாக்கிய செல்லினம் 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. ஐபோன் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்னால்! பிறகு 2009-இல் ஐபோனுக்கும் 2012-இல் ஆண்ட்ராய்டுக்கும் செல்லினம் வந்தது. அவர் செய்த தமிழ் எழுத்துருக்கள் ஆப்பிள் கருவிகளின் உள்ளேயே இருக்கின்றன. எச்டிசி தன் ஆண்ட்ராய்டு போன்களுக்கு அவருடைய எழுத்துருக்களையும் விசைமுகங்களையும் எடுத்துக்கொண்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆண்ட்ராய்டில் யார் வேண்டுமானாலும் விசைப்பலகை செய்து போடலாம், ஆனால் தமிழ் சரியாகத் தெரியாது. ஐபோனில் தமிழ் அழகாகத் தெரியும், ஆனால் வெளியார் விசைப்பலகைக்கு உள்ளே இடமில்லை. செல்லினத்துக்குள் எழுதி, நகலெடுத்து, குறுஞ்செய்திக்குள் கொண்டுபோய் ஒட்டவேண்டும். ஒருவனிடம் பேனா இருந்தது, மற்றவனிடம் காகிதம் இருந்தது. 2013-இல் ஐஓஎஸ் 7 தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைமுகங்களையும் உள்ளேயே வைத்து வந்தது. ஆண்ட்ராய்டும் அந்தக் காலத்தை ஒட்டியே கொம்பைச் சரியான இடத்தில் நிறுத்தப் பழகிக்கொண்டது. இன்றைக்கு எந்த மலிவு போனிலும் பெரியம்மா தமிழில் குரல் கொடுத்தே செய்தி அனுப்புகிறார். எந்தச் சந்தை அறிக்கையிலும் "தமிழ் தெரியும் போன்" என்று ஒரு பத்தி கிடையாது. ஆனால் நான் நோக்கியாவை விட்டபோது எதை வாங்கினேன் என்பதை முடிவு செய்தது அதுதான்.

இப்போது புக்கிட் பிந்தாங், லோயாட் பிளாசா. அந்தக் கட்டடத்தைத் தெரியாத மலேசியர் இருக்கமாட்டார். நகரும் படியில் ஏறி இறங்குவதற்குள் நான்கு பேர், "பாஸ், போன் வேணுமா பாஸ்?" என்று கூப்பிட்டுவிடுவார்கள், பெண்ணாக இருந்தாலும் பாஸ்தான். ஒரே போனுக்கு இரண்டு விலை சொல்வார்கள். ஒன்று மலேசிய செட், பெட்டியில் சிரிம் என்ற தர முத்திரை, உள்ளூர் உத்தரவாதம். இன்னொன்று ஏபி செட், வேறு நாட்டிலிருந்து வந்தது, உத்தரவாதம் கடைக்காரருடைய வாய்தான். முன்பெல்லாம் விலை வித்தியாசம் பெரிதாக இருந்ததால் ஏபி செட் வாங்காதவனைப் பிழைக்கத் தெரியாதவன் என்பார்கள். அந்தப் பேச்சு குறைந்ததற்கு நான் கருதும் காரணம் சீன நிறுவனங்கள். 2014-இல் சியோமி இங்கே கடை விரித்தது. நல்ல போன் என்றால் இவ்வளவு விலைதான் இருக்கும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த விலை ஒரே வீச்சில் பாதியாயிற்று. வன்பொருளில் நிகர லாபம் 5 விழுக்காட்டைத் தாண்டவிடமாட்டோம் என்று 2018-இல் அவர்கள் வாக்கே கொடுத்தார்கள். ஓப்போ, விவோ, ரியல்மீ, ஒன்பிளஸ் கடைகள் எதிரும் புதிருமாக நின்று சத்தம் போடும். பூர்வீகம் பார்த்தால் எல்லாம் பிபிகே என்ற ஒரே சீன நிறுவனத்து வீட்டுப் பிள்ளைகள்.

போட்டி என்றால் இங்கேதான் போட்டி. ஆண்ட்ராய்டு நிறுவனங்கள் ஒன்றை ஒன்று தின்னும் சண்டை. எல்ஜி 2021-இல் கடையையே கட்டிவிட்டுப் போய்விட்டது. ஆப்பிளும் கூகுளும் எதிரிகள் என்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அடித்துக்கொள்கிறார்கள். ஐபோனின் சஃபாரியில் கூகுள்தான் இயல்பான தேடுபொறியாக இருக்கவேண்டும் என்பதற்காக 2022-இல் மட்டும் கூகுள் ஆப்பிளுக்கு 20 பில்லியன் டாலர் கொடுத்தது அமெரிக்க வழக்கில் வெளிவந்தது. இப்படிப்பட்ட எதிரி எனக்கும் ஒருவர் கிடைத்தால் தேவலை.

மூன்றாவதாக ஒருவர் உள்ளே வர முடியுமா என்ற கேள்விக்குக் கண்முன்னே இருக்கும் சாட்சி ஹுவாவேய். 2019 மே மாதம் அமெரிக்கா அதைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. செப்டம்பரில் வந்த மேட் 30-இல் கூகுள் சேவைகள் இல்லை. முன்பே விற்ற போன்களில் கூகுள் இருந்தது, இருக்கவும் செய்தது. ஆனாலும் என் தோழி தன் ஹுவாவேயைக் கொடுத்து வேறு மாற்றப் போனபோது கடைக்காரர் கையில் வாங்கவே இல்லை. போனில் ஒரு குறையும் இல்லை. சில மாதம் முன்னால் அதே கடையில் அந்தப் போனுக்கு வரிசை. 2020-இன் இரண்டாம் காலாண்டில், சீனத்து விற்பனையின் தயவில், ஹுவாவேய் சாம்சங்கையே தாண்டி உலக முதலிடம் பிடித்தது. பட்டியலில் முதலிடம், இரண்டாம் கையில் செல்லாக்காசு, இரண்டும் ஒன்றாகவே நடந்தன. அடுத்து சிப்புக்கும் தடை இறுகியது; அந்த நவம்பரிலேயே தங்கள் துணைப் பிராண்டான ஹானரை விற்றார்கள்.

அப்படியும் இங்கே ஹுவாவேய் அடியோடு போகவில்லை. கொரோனா காலத்தில் எந்தக் கடைக்குள் நுழையவும் மைசெஜாத்ரா என்ற அரசாங்கச் செயலி வேண்டியிருந்தது. அரசாங்கம் அதை ஆப்பிள், கூகுள் இரண்டோடு நிறுத்தாமல் ஹுவாவேயின் செயலிக் கடையான ஆப்கேலரியிலும் வைத்தது. வங்கிகள் பலவும் அங்கே போயின. விடுபட்டதை ஜிபாக்ஸ் போன்ற குறுக்கு வழிகளில் ஏற்றிக்கொண்டார்கள். சீனாவில் ஹுவாவேயின் சொந்த இயங்குதளமான ஹார்மனி ஓஎஸ் 2024-இல் ஆண்ட்ராய்டு செயலிகளையே கழற்றிவிட்டுத் தனிக்குடித்தனம் போய்விட்டது. 2025 பிப்ரவரியில் மூன்றாக மடியும் மேட் எக்ஸ்டியை உலகத்துக்கு அறிமுகப்படுத்த அவர்கள் தேர்ந்தெடுத்த ஊர் கோலாலம்பூர். விலை 3,499 யூரோ. கைக்குள் விரியும் அந்தத் திரையைப் பார்த்தால் வாய் பிளக்கத்தான் செய்யும், அப்போதும் உள்ளே கூகுள் கிடையாது. அதற்கு எட்டு மாதம் முன்னால், 2024 ஜூன் 22-இல், கோலாலம்பூர் டிஆர்எக்ஸ் வணிக வளாகத்தில் ஆப்பிள் நாட்டின் முதல் சொந்தக் கடையைத் திறந்தபோது மகள் விடிவதற்கு முன்பே போய் வரிசையில் நின்றாள். வாங்குவதற்கு இல்லை, டீ-ஷர்ட் கொடுப்பார்கள் என்று யாரோ சொன்னார்களாம்.

இனி என் பெரிய கவலைக்கு வருகிறேன். முன்பு பழைய போன் கைக்கு வந்தால் பேசலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம், அது பத்து வருடம் ஆனாலும் அதைச் செய்யும். 2021 டிசம்பர் 31-உடன் இங்கே 3ஜி நிறுத்தப்பட்டபோதுகூட 2ஜி இருந்ததால் பழைய பட்டன் போன்கள் தப்பித்தன. நடுவில் வாங்கிய 3ஜி போன்களுக்குத்தான் இணையம் முடங்கியது. இப்போது போன் என்பது பணப்பை, சாவி, அடையாள அட்டை எல்லாம். 2022 செப்டம்பரில் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியை வங்கிகள் படிப்படியாக விடவேண்டும், உறுதிப்படுத்துவதற்கு ஒருவருக்கு ஒரு கருவி மட்டும் போதும் என்று சொன்னது. மோசடிக் கும்பலின் ஆட்டத்தைப் பார்த்தால் அது சரியான முடிவுதான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதன் மறுபக்கம், உங்கள் காசை நீங்கள் எடுக்கவே வங்கியின் செயலி ஓடும் போன் வேண்டும். அந்தச் செயலியோ, இயங்குதளம் இத்தனாம் பதிப்புக்கு மேல் இருந்தால்தான் வருவேன் என்கிறது.

அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு தெருமுனைத் தம்பியிடம் போனேன். சூடான பலகைமேல் அதை வைத்து, ஓரத்துப் பசை இளகியதும் கிட்டார் வாசிக்கிற வில்லை மாதிரி ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகி, சுற்றிவர இழுத்துத் திரையைக் கழற்றினான். புது பேட்டரி, புதுத் திரை, அரை மணிநேரம். போட்டு முடித்துவிட்டு என் கையில் கொடுத்தான்.

"போன் நல்லா இருக்கு கா. இன்னும் மூணு வருஷம் ஓடும். ஆனா பேங்க் ஆப் ஏறாது."

"ஏத்திவிட ஏதாவது வழி?"

"ஏத்தலாம், நான் ஏத்தமாட்டேன். அம்மா காசு லா அது."

நேர்மையான பையன். செயலிகள் விட்டுப்போகும் தேதிகள் அவனுக்கு விரல் நுனியில் இருக்கின்றன. 2025 ஜனவரியோடு ஆண்ட்ராய்டின் பழைய பதிப்பான கிட்காட்டை வாட்ஸ்அப் விட்டுவிட்டது. அதே வருடம் மே மாதம் ஐஓஎஸ் 15.1-க்குக் கீழே இருப்பவையும் கழன்றன. ஐபோன் 6 அதோடு போயிற்று. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருந்து பாட்டிகளிடம் வந்து சேர்ந்திருந்த போன் அது. ஆனாலும் 2014-இல் வந்த போன் 2025 வரை தாக்குப்பிடித்தது என்றால் சும்மா இல்லை. அதற்கு ஒரு வருடம் முந்திய 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியில்கூட ஆப்பிள் ஒரு பாதுகாப்புத் திருத்தம் அனுப்பியது. அதே வயது ஆண்ட்ராய்டு போன்கள் இரண்டு வருடத்திலேயே அனாதையாகிவிட்டன. ஆப்பிளுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் உண்மையான வித்தியாசம் கேமராவில் இல்லை, இதில்தான் இருந்தது. ஆப்பிளும் விற்ற எண்ணிக்கையைச் சொல்வதை 2018-இல் நிறுத்திவிட்டு, எத்தனை கருவி புழக்கத்தில் இருக்கிறது என்பதையே முன்னிறுத்தியது. 2025 ஜனவரிக் கணக்கு 2.35 பில்லியன். பாட்டி கையில் இருப்பதும் அதில் சேர்த்தி. செயலி வாங்குவதும் மேகச் சேமிப்புக்கு மாதக் கட்டணம் கட்டுவதும் அந்தக் கைகள்தான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மற்றவர்களும் இப்போது விழித்துக்கொண்டிருக்கிறார்கள். 2023 அக்டோபரில் பிக்சல் 8-உடன் கூகுளும், 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-உடன் சாம்சங்கும் ஏழு வருடம் புதுப்பிப்பு தருவதாகச் சொல்லிவிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூனிலிருந்து, ஒரு மாடல் விற்பனை முடிந்த பிறகும் ஐந்து வருடம் புதுப்பிப்பு தரவேண்டும், உதிரிப்பாகம் ஏழு வருடம் கிடைக்கவேண்டும் என்று சட்டமாகவே போட்டுவிட்டது. ஆலைகள் ஐரோப்பாவுக்கு ஒன்று, நமக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்வது செலவு என்பதால் அந்த நன்மை கொஞ்சம் இந்தப் பக்கமும் சிந்தும் என்று நம்புகிறேன்.

ஆகவே இந்தத் தடவை கடைக்குப் போனபோது நான் கேமராவையும் கேட்கவில்லை, ராமையும் கேட்கவில்லை. புதுப்பிப்பு எத்தனை வருடம் என்றேன். விற்கிற பையன் முழித்துவிட்டு முதலாளியைக் கூப்பிட்டான். அவர் போனில் தேடிப் பார்த்துச் சொன்னார். தொள்ளாயிரம் வெள்ளி (ரிங்கிட்) போனுக்கு இரண்டு வருடம் என்றால் வருடத்துக்கு நானூற்று ஐம்பது. மூவாயிரம் வெள்ளி போனுக்கு ஏழு வருடம் என்றால் நானூற்று முப்பதுக்குக் கீழே. மலிவானது எது என்று அங்கேயே கால்குலேட்டரைத் தட்டிக் காட்டினேன். கூட வந்த மகளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"ஏழு வருஷம் யாரும்மா ஒரே போனை வச்சிருப்பா?"

"நீ வச்சிருக்கமாட்ட. பெரியம்மா வச்சிருப்பாங்க."